மீதி நேரத்துக்குள்

அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

நாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு, இதுதான் எங்கள் கேம் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போம். அவர் திரையைப் பார்க்க மாட்டார். சுவர்க் கடிகாரத்தையும் பார்க்க மாட்டார். அது பத்து நிமிடம் முந்தி ஓடுவது அவருக்குத் தெரியும். எங்கள் வாயிலிருந்து ஓர் எண் வர வேண்டும். இருபது மணி நேரம் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு நாற்காலியில் உட்காருவார். இரண்டு மணி நேரம் என்றால் நுனியில் உட்காருவார். அரை மணி நேரம் என்றால் உட்காரவே மாட்டார். நின்றபடியே விளையாடி, ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடுவார்.

அவரைப் பற்றி நல்லபடியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். முடியுமா தெரியவில்லை. பல வருடங்கள் அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம் என்று நம்பினேன், கேட்டவர்களிடமெல்லாம் சொல்லவும் செய்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அதன் முதலாளி, ஆள் சேர்க்கும் உத்தியாக, விடுமுறை சேர்ந்தாற்போல் வரும்போதெல்லாம் ஒரு போட்டி வைப்பார். முதல் நாள் காலை பத்து மணிக்குத் தலைப்புத் தருவார். மறுநாள் மாலை ஆறு மணிக்குள் அந்தத் தலைப்பில் ஒரு கேம் செய்து முடிக்க வேண்டும். பரிசு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு சான்றிதழும் பிளாஸ்டிக் கோப்பையும். ஊரப்பாக்கத்திலிருந்து நான் மின்சார ரயிலில் போவேன். கேளம்பாக்கம் பக்கத்திலிருந்து அருள்தாஸ் இரண்டு பஸ் மாறி வருவான். நாங்கள் இருவரும் ஒரு அணி.

அக்கா கடற்கரைப் பக்கத்து ஆராய்ச்சி நகரியத்தில் வேலை பார்த்தவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். ஏதோ ஒரு கோர்ஸ் படிக்க அந்தச் சென்டருக்கு வந்தவர், போட்டியைப் பார்த்துவிட்டு எங்களோடு ஒட்டிக்கொண்டார். நடுவராக இருங்கள் என்று முதலாளி கேட்டபோது மார்க் போட மாட்டேன், விளையாடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றாராம். மார்க் போடும் வேலை கடைசிவரை முதலாளியிடமே இருந்தது.

அவர் விளையாடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது ஒரு தண்டனை. நாம் விளக்கம் சொல்ல வாயெடுத்தால், "நீ வெளங்க வைக்காத. அது வெளங்க வைக்கட்டும்" என்பார். பிறகு, செய்வதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவார். இப்போ வலது பக்கம் போறேன். சுவத்துல முட்டுது. ஏன்னு தெரியல. திரும்பவும் முட்டுது. இப்போ எனக்கு அலுப்பா இருக்கு. நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்ற இரண்டு சொற்களும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அவருக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்வார். அதற்கே நமக்குக் காது சிவந்துவிடும்.

ஒருமுறை உள்ளூர்க் கல்லூரிப் பெண்கள் மூன்று பேர், தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுவதுபோல ஒரு கேம் செய்திருந்தார்கள். லாரி சுவருக்குள் புகுந்து போனது. குடம் பாதியில் காணாமல் போனது. புள்ளிக் கணக்கு தப்பு. மீதி இருந்தது அரை மணி நேரம். அக்கா நின்றபடியே விளையாடிவிட்டு, எந்தப் பட்டனை அழுத்தினால் ஆட்டம் தொடங்கும் என்று தெரியவில்லை, அதைத் திரையில் எழுதிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். பெண்கள் குதித்துக்கொண்டு போய் எழுதினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ரயிலுக்குப் போகும் வழியில் அக்காவிடம், அத்தனை ஓட்டை இருந்ததே, உங்கள் கண்ணில் படவில்லையா என்று கேட்டேன்.

"பட்டுச்சு. அரை மணி நேரத்துல அடைக்க முடியாத ஓட்டையச் சொன்னா அது யோசனை இல்ல தம்பி. வெறும் வசவு."

அது அவருடைய அலுவலகப் பழக்கம் என்று பிறகு சொன்னார். அங்கே ஒரு இயந்திரத்தைப் பராமரிப்புக்கு நிறுத்தினால் இரண்டு பட்டியல் எழுதுவார்களாம். திரும்ப ஓட்டுவதற்குள் முடிக்கக்கூடியவை ஒன்றில். மற்றவை, அடுத்த முறை நிறுத்தும்போது பார்க்க, இன்னொன்றில். இரண்டையும் கலந்து எழுதினால் எதுவுமே உருப்படியாக நடக்காதாம். அவர் இரண்டாவது பட்டியலை மறப்பவரும் அல்ல. அடுத்த போட்டி தொடங்கும் காலையில், முழு நேரமும் கையில் இருக்கும்போது, அந்தப் பெண்களைத் தேடிப் போய், போன தடவை சொல்லாமல் விட்ட ஏழு விஷயங்களையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தாளில் குறித்து வைத்திருக்கவில்லை. எல்லாம் மனப்பாடம்.

ஒரு ஆயுத பூஜை விடுமுறையில் நடந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. போட்டியை அறிவித்தவரும் முதலாளிதான். பூஜையன்று மாலை நான்கு மணிக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் காலை ஏழு மணிவரை யாரும் தொடக்கூடாது என்றவரும் அவரேதான். இரண்டும் ஒரே நாளில் வருவது அவருக்கு அன்று மத்தியானம்தான் உறைத்தது. மானிட்டர்களுக்கு நடுவில் வாழைக்கன்றைக் கட்டிவிட்டு, சாமி விஷயம் தம்பி, நான் இன்னா செய்ய முடியும் என்று கையை விரித்தார். பாதிப் பேர் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். மெஷினில் கைவைக்க நாளைக்குப் பதினோரு மணி நேரம் இருக்கிறது என்று அருள் சொன்னான். அப்படியென்றால் இன்று மாலை முழுக்கப் பேசலாம் என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அலையில் மாட்டாமல் மீன் பிடித்துக்கொண்டு கரை சேர வேண்டிய ஒரு படகுதான் எங்கள் கேம். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டோம். சுண்டல் கடலை படகு, பூஜைப் பொரி மீன். அக்கா விளையாடினார், பிடித்த மீனை வாயில் போட்டுக்கொண்டார். நாலைந்து ஆட்டம் ஆனதும் நிறுத்தினார். படகு கவிழ்ந்தால் உடனே புதுப் படகு வருகிறதே, பிறகு நான் எதற்கு அலைக்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டார். அருள் கட்டத்தில் ஒரே ஒரு கடலையை விட்டுவிட்டு மற்றதை எடுத்தான். அப்புறம், ஒரே படகுதான், கவிழ்ந்தால் ஆட்டம் முடிந்தது என்றான். மறுநாள் கோப்பை எங்களுக்கு வந்தது.

அருள்தாஸைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவன் தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அப்பா கட்டட வேலை. அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்பதை முதலில் பார்த்தவன் அருள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தபோது அவன் அம்மா மாதா கோவிலில் ஒரு ஆள் உயர மெழுகுவர்த்தி ஏற்றினார். தங்கை ஸ்டெல்லா நர்சிங் படிக்கப் போனதும் அந்தச் சம்பளத்தில்தான். நானும் அதே சாலையில் வேறொரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். படகு கேமை மட்டும் நாங்கள் விடவில்லை. சனி ஞாயிறுகளில் அதை நீட்டி, வளர்த்து, பெரிதாக்கிக்கொண்டே இருந்தோம். இதையே தொழிலாகச் செய்தால் என்ன என்ற பேச்சும் கூடவே வளர்ந்தது.

வேலையை விடலாம் என்று முதலில் சொன்னவன் நான். இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை பத்தி ஆகியிருக்கிறது. நீ முன்னாடி போ, ஆறு மாசத்தில் நான் வந்துவிடுகிறேன் என்று சொன்னவனும் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் ராஜினாமாக் கடிதம் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை, முடிந்த கேமை அக்காவிடம் காட்ட நகரியத்துக்குப் போனோம். பஸ் நெம்மேலி தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவன் சொன்னான். மேனேஜர் நல்ல மனிதர். லெட்டரை மேலே அனுப்பாமல் தன் மேசையிலேயே வைத்திருக்கிறார். ரெண்டு வாரம் யோசி, மனசு மாறினா வந்து கிழிச்சிப் போட்டுட்டுப் போ, ஒருத்தருக்கும் தெரியாது என்றிருக்கிறார்.

"இன்னா மச்சான் சொல்ற நீ? யோசிக்கணுமா?" என்றான்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் சொன்னேன். அக்கா சொல்லட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்றும் சொன்னேன்.

அக்காவின் குவார்ட்டர்ஸில் எல்லாம் அளவெடுத்து வைத்ததுபோல இருக்கும். டீ கொடுத்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் முன் எப்போதும்போல் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நேரம் இன்னாக்கா நேரம்" என்று அருள் சிரித்தான். "வேலைய வுட்டுட்டேன். எழுதிக் குடுத்தாச்சு. முடிஞ்சிச்சு."

அவன் வீராப்பில் சொன்னான். இருபத்து நான்கு வயதில், மதிக்கும் ஒரு மனுஷியின் எதிரில், ரெண்டு வாரம் யோசிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று எவன் சொல்வான்? அக்கா அவனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் விளையாடினார். அன்று வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. அது முதல் முறை, அதுவே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மெனுல எழுத்து சின்னதா இருக்கு. கொஞ்சம் பெருசாக்கிரு" என்றார்.

திரும்பி வரும்போது அருளுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா கண்ணுல வேற ஒரு குறையும் படலடா, எழுத்து சைஸுதான் என்று கேளம்பாக்கம் வருகிறவரை சொல்லிக்கொண்டே வந்தான். அக்காவின் கணக்கு எனக்குத் தெரியும். முடிந்துபோனது என்று சொல்லப்பட்ட ஒன்றுக்கு அவர் எந்த அளவு பேசுவார் என்று அவனை விட எனக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சின்ன யோசனைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய இரண்டாவது பட்டியல் இருக்கும் என்பதும் புரிந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. என் காலை விடப் பயந்து அடுத்தவன் காலை விட்டு ஆழம் பார்த்தேன். அவன் கரையேறினால் பின்னாலேயே குதிக்கலாம் என்பதுதான் என் நியாயம்.

இரண்டு வாரம் போனது. அந்தக் கடிதம் மேலே போனது.

ஆறு மாதம் கழித்து நான் வேலையை விடவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன், அதில் பாதி உண்மை. அருள் கேமைச் சிடியாகப் போட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினான். வெளிநாட்டு கேம்களின் திருட்டுச் சிடி பக்கத்திலேயே தொங்கும்போது இவன் படகை எவன் எடுப்பான்? ஒரு வருடம் கழித்து மறுபடி வேலை தேடினான். நடுவில் ஒரு வருடம் என்ன செய்தாய் என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கம்பெனிகளும் ஆள் எடுப்பதை நிறுத்தின. ஸ்டெல்லாவின் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றது. செங்கல்பட்டில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் வேலைக்குப் போனாள். அருள் கேளம்பாக்கத்தில் மொபைல் ரீசார்ஜ் கடை போட்டான்.

எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. அக்கா வாகாக அகப்பட்டார். அந்தம்மா ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு குடும்பம் தப்பித்திருக்கும், கல் மனசு, எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிற ஜென்மம் என்று பழைய நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது.

நான்கைந்து வருடம் கழித்து, மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் காய்கறிப் பை. முன்தலை நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, அருள் எப்படி இருக்கிறான் என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சுள்ளென்று ஏறியது. எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்டெல்லாவையும் சேர்த்துச் சொன்னேன். அன்று உங்களுக்கு வேறொன்றும் தோன்றவே இல்லையா என்று கேட்டேன்.

அவர் மழுப்பவில்லை. "தோணுச்சு. ரெண்டு நாள் போட்டிக்கு அது நல்ல கேம் தம்பி. ஒருத்தன் வேலைய விட்டுட்டு வார அளவுக்கு இல்ல."

"அதச் சொல்லியிருக்கலாமே."

"எழுதிக் குடுத்தாச்சுன்னானே. முடிஞ்ச காரியத்துல அதச் சொல்லி அவன் தெம்பையும் எடுக்கணுமா?"

அவரைக் காயப்படுத்த வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அது முடிந்த காரியம் இல்லை அக்கா, அன்றைக்கு இன்னும் ரெண்டு வாரம் பாக்கி இருந்தது, அந்த லெட்டர் மேனேஜர் மேசையிலேயே கிடந்தது என்றேன்.

அக்கா பையைத் தரையில் வைத்தார். நகரியத்துக்குப் போகும் பஸ் வந்து நின்றது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

என் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். குழந்தை என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தது.

"தெரியாதுக்கா" என்றேன். "பின்னாடிதான் சொன்னான்."

அவர் நம்பிவிட்டார். பிறர் சொல்லும் எண்ணை அப்படியே நம்புவது அவர் பழக்கம். ரெண்டு வாரம் இருந்திருக்கு, ரெண்டு வாரம் இருந்திருக்கு என்று தனக்குள் இரண்டு மூன்று தடவை சொன்னார். பிறகு பையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், கேளம்பாக்கம் போக எந்த பஸ் என்று ஒருவரிடம் விசாரித்தார். நான் கூப்பிட்டிருக்கலாம். சாலையைத் தாண்டப் பத்தடிதான். குழந்தைக்குப் பசிக்கிறது என்று மனைவி சொன்னாள், நாங்கள் ஓட்டலுக்குள் போனோம்.

ஒரு மாதம் பொறுத்து அருளின் கடைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அவன் யாருக்கோ போனில் சிம் போட்டுக்கொண்டிருந்தான். நிமிராமலே பேசினான்.

"அக்கா வந்துட்டுப் போனாங்க மச்சான். கடைக்கே வந்தாங்க. நின்னுகினே மன்னிப்புக் கேட்டாங்க. ஸ்டெல்லாவ வூட்டுக்குப் போய்ப் பாத்துட்டு அய்திருக்காங்க. எனுக்கு ஒரே பேஜாரா போச்சு."

போட்டிக்குப் போவதை அக்கா நிறுத்திவிட்டாராம். இனிமேல் யாருடையதையும் பார்த்து யோசனை சொல்வதில்லை, தனக்கு அந்தத் தகுதி இல்லை என்றாராம். வேலையிலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கமே போய்விடப் போகிறாராம். அருள் இதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை வந்திருந்த ஆள் காத்திருந்தார். பிறகு போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ரெண்டு வாரம் டைம் இருந்தது உனுக்கும் தெரியாதுன்னு சொன்னாங்க" என்றான் அருள். கல்லாப் பெட்டியை மூடினான். "ஆமாக்கா, அவனுக்கு இன்னா தெரியும், நான் யாருகிட்டயும் சொல்லலியேன்னு சொல்ட்டேன்."

அப்புறம் என்னைப் பார்த்து, டீ சொல்லட்டுமா என்று கேட்டான். சொல்லு என்றேன்.